சொல்லட்டா, சொல்லல்ல

ஒருவர் மூன்று தரம் செருமுவார்.
பிறகு "சொல்லட்டா?" என்பார்.
கூட்டம் "சொல்லுங்க!" என்னும்.
"சொல்லல்ல" என்றுவிட்டுத் தண்ணி குடிப்பார்.
மற்றவருக்கு அழுகை. "என்ட சனமே" என்ற இடத்தில்
பூக்கரை போட்ட லேஞ்சி
பொக்கற்றிலிருந்து வெளியே வரும்.

இரண்டு பேரையும் என் தொண்டைக்குள் வைத்திருந்தேன்,
இருபத்தியொரு நாள்.
கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
றிபாய்தீனுடைய ஓட்டோ, மேலே ஒலிபெருக்கி.
பகலில் கோழித்தீன் விளம்பரம், கண் கிளினிக் அறிவித்தல்.
ஆறரைக்கு மேல்
செருமலும் அழுகையும்.

முதல் கிழமை நன்றாகத்தான் இருந்தது.
பாண்டிருப்பு சிரித்தது, மருதமுனை சிரித்தது,
பொலிஸ்காரர் ஒருவர் தலைக்கவசத்துக்குள் சிரித்தார்.
றொட்டிக்கடையில் யாரோ
எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.
எந்தப் பக்கத்து ஆள் என்று
அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மறுகா வெட்டினார்கள்.
இருபது நிமிடப் பதிவை நடுவால்,
கருவாட்டுக்கு மீன் பிளப்பது போல.
செருமல் மட்டும் இந்தப் பக்கத்துப் போன்களில்,
அழுகை மட்டும் அந்தப் பக்கத்துப் போன்களில்.
"பார், அவனுகள் நம்மட ஆளை எப்படிப் பழிக்கானுகள்" என்று
இரண்டு தெருவிலும்
ஒரே வசனம் ஓடியது.
அவனுகள் என்பது இரண்டு தெருவிலும் நான்தான்.
என் அக்கா வீட்டுப் படலை சாத்தியிருந்தது.
றிபாய்தீனுக்கு வாப்பாவோடு பேச்சில்லை.
"ரெண்டு பேருக்கும் ராச்சோறு இல்லடா" என்றான்,
அதையும் அந்த அழுகைக் குரலில்தான் சொன்னான்.
சிரித்தோம். பசித்தது.

பிறகு அந்த வடிகான் கூட்டம்.
ஒன்பதுக்கென்று போட்டு பத்தேகாலுக்குத் தொடங்கியது.
செருமுகிறவர் மேசைக்கு நடுவில். வென்றுவிட்டார்.
மூன்றாவது வரிசையில் நசூஹா எழும்பினாள்,
கையில் நாலாய் மடித்த தாள்.
"கார்த்திகையில மூணு நாள் எங்கட குசினிக்குள்ள தண்ணி.
நானூறு மீற்றர் வடிகானுக்குப் பதினெட்டு லட்சம் எழுதியிருக்கு.
அறுபது மீற்றர்தான் கிடக்கு.
மிச்சம் எங்க?"

பின்னாலிருந்து ஒருவன் செருமினான்.
மூன்று தரம். இன்னொரு தரம்.
"சொல்லட்டா?"
மண்டபம் முழுக்க: "சொல்லுங்க!"
"சொல்லல்ல!"

எத்தனை நாளுக்குப் பிறகு
இரண்டு பக்கமும் ஒன்றாய்ச் சிரித்தது அன்றைக்கு.
கதிரைகள் அதிர்ந்தன.
தலைவருக்குத்தான் பெரிய சிரிப்பு, கண்ணைத் துடைத்தார்.
நசூஹாவின் உதட்டிலும் ஒரு சிரிப்பு,
அவளைக் கேட்காமலே வந்தது.
பக்கத்தில் இருந்த யோகமலர் "இரி கா" என்று
சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்.
இருந்தாள்.
அடுத்த விடயம்: தெருவிளக்கு.

அந்த நாலாவது செருமல் அவருடையதல்ல.
அது நான் கூட்டிச் சேர்த்த பொய்,
சிரிப்புக்கு முன் ஒரு மூச்சு இடம் வேண்டுமென்று.
இப்போது அவரே நாலு தரம் செருமுகிறார்.
என்னைவிட நன்றாக.

கூட்டம் கலைந்தபோது
அந்தத் தாள் கதிரையில் கிடந்தது.
மறந்துவிட்டுப் போனாளோ, விட்டுவிட்டுப் போனாளோ.

ஆறரைக்கு றிபாய்தீன் மைக்கை நீட்டினான்.
தாளை விரித்து வாசித்தேன்.
நானூறு மீற்றர். அறுபது மீற்றர். பதினெட்டு லட்சம்.
என் தொண்டையில் என் குரல்
வாடகை வீட்டுக்குத் திரும்பி வந்த சொந்தக்காரன் போல
எங்கே இருப்பதென்று தெரியாமல் நின்றது.
நாலைந்து பேர் நின்றார்கள்,
சிரிப்பை வாயில் தயாராய் வைத்துக்கொண்டு.
இரண்டு பேர் போய்விட்டார்கள்.
வடை தின்றுகொண்டிருந்த பொடியன் ஒருவன் கேட்டான்:
"இது யார்ட குரல்?"

செருமல் வந்தது. விழுங்கினேன்.
"பதினெட்டு லட்சம்" என்றேன் இன்னொரு தரம்.
றிபாய்தீன் என்னைப் பார்த்தான்,
பிறகு கோழித்தீன் விளம்பரத்தைப் போட்டான்.