சிங்கிள், நூத்தியெம்பது ஜிஎஸ்எம்

வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னெண்டுக்கு
சிங்கிள் உடறனுங் என்றேன்.
"எத்தன ஜிஎஸ்எம்மு?" என்றார்
கட்டிங் மாஸ்டர் ரங்கதுரை.

துணியில்லீங். பாட்டுங்.

பதிவு செய்தது குமரானந்தபுரத்து மாடியறையில்,
பனியன் வேஸ்ட் மூட்டைகளை
நாலு சுவருக்கும் அடுக்கி.
எதிரொலி வரவில்லை.
நாய் மட்டும் வந்துவிட்டது, இரண்டாவது சரணத்தில்.
கெடக்குட்டும் என்றான்
மிக்ஸிங் பார்த்த சபரிகிரி.

சனிக்கிழமை, சம்பளம் போடும் நேரத்தில்
அறுபத்தியொரு பேர் கேட்டிருந்தார்கள்.
அதில் பதினாலு நான்.
"தொண்டயில சளியா தம்பி?" என்று ஒருவர்.
"கெட்ட வார்த்தயே இல்ல, இதென்ன ராப்பு?" என்று இன்னொருவர்.
அக்கா வீட்டுக்காரர்
கண்ணை மூடி முழுசாகக் கேட்டுவிட்டு
"இத்தன வேகமாப் பேசுறியே,
எங்கியோ கடன் வாங்கிட்டயோன்னு
பயந்துட்டன்" என்றார்.
வாங்கியிருந்தேன். மைக்குக்கு.

மூன்றாம் வாரம், நைட் ஷிப்ட்.
செக்கிங் டேபிள் ஸ்பீக்கரில் யாரோ போட்டிருக்கிறார்கள்.
ஓவர்லாக் வரிசையில் ஒடியாக்காரி மினதி,
தமிழில் பத்து வார்த்தை தெரிந்தவள்,
என் ஹூக்கை முணுமுணுக்கிறாள்.
பீஸ் ரேட்டென்று நான் கத்தின இடத்தில்
அவளுக்கு வேறெதுவோ, ஊர்ப் பேரா, ஆள் பேரா.
கை துணியைத் திருப்ப
மெஷின் நிற்குமே ஒரு நொடி,
அங்கே மூச்சு வாங்குகிறாள்.

நான் அங்கே வாங்கவில்லை.
அங்கேதான் வாங்கியிருக்கோணும்.

எண்ணிக்கை இன்றைக்கு நானூற்றி மூன்று.
மினதி அதில் சேர்த்தியில்லை.
இனித் திருத்தவும் முடியாது,
கன்டெய்னர் தூத்துக்குடி தாண்டியாச்சு.