கடன் வாங்கிக் கழித்தல்

லீமாவின் தெற்கு மேட்டில்
எங்கள் வீடு நூற்றுப்பன்னிரண்டாவது படி.
பஸ் ஓடாத எண்பதாவது நாள்.
நிறுத்தங்களின் பெயரைக் கூவிக் கூவியே
பதினெட்டு வருஷம் சம்பாதித்த தொண்டை
சும்மா ஒருமுறை செருமிப் பார்க்கிறது.
வீடே திரும்புகிறது.
"புரையேறிவிட்டது, தண்ணீர்தான்" என்கிறேன்.

பள்ளிக்கூடம் பத்து மணிக்கு ரேடியோவில் வரும்.
ஆன்டெனாவைத் தகரக் கூரையின் ஆணியில் கட்டியிருக்கிறாள் நெய்தா.
மூடுபனி இறங்கினால் டீச்சர் கரகரக்கிறாள்,
பாதி வாக்கியத்தில் புகுந்து
யாரோ சுவிசேஷம் சொல்கிறார்.

இன்றைக்கு, கடன் வாங்கிக் கழித்தல்.
ஆயிரத்திலிருந்து முந்நூற்று எண்பத்தேழு.

அறுநூற்றுப் பதிமூன்று என்றேன் உடனே.
ஒற்றைக் காலில் படியில் தொங்கிக்கொண்டு
எத்தனை நோட்டுக்குச் சில்லறை கொடுத்தவன்!
"விடை யார் கேட்டது அப்பா? வழியைக் காட்டு."
வழி தெரியாது.
நாலாம் வகுப்புக்குப் போய்ப் பாதியில் வந்தவன்.
எட்டு வயதுக்காரி பக்கத்தில்
நானும் ஒரு பென்சிலைக் கடித்துக்கொண்டு குனிந்தேன்.

கடைசி இடத்தில் பூஜ்யம்.
அதிலிருந்து ஏழைக் கழிக்க முடியாது.
பக்கத்து வீட்டில் கேள் என்கிறது ரேடியோ.
பக்கத்து வீடும் பூஜ்யம்.
அதற்கு அடுத்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.
தொலைவில் நிற்கிற ஒற்றை ஒன்றுதான்
தன்னை உடைத்துக் கொடுக்கிறது.
நடுவில் இருப்பவர்கள் ஆளுக்கு ஒன்பதை வைத்துக்கொண்டு
ஒன்றைக் கீழே தள்ளுகிறார்கள்.

சிரித்துவிட்டேன். இது எங்கள் படிக்கட்டு அல்லவா!
போன வாரம் ஒரு வெங்காயம் இப்படித்தான் வந்தது.
வில்மெரிடம் கேட்டேன், அவனிடம் இல்லை,
அவன் மச்சினியிடம் இல்லை,
அவள் மேலே ஏறிப் போய்
வெள்ளைத் துணி கட்டிய வீட்டில் வாங்கி வந்தாள்.
பசிக்கிறது என்று சொல்லத்தான்
இங்கே வெள்ளைத் துணி கட்டுகிறோம்.

"கொடுத்ததே அந்த ஒன்று, அது என்ன ஆகும்?"
"அதை அடித்துவிடணும் அப்பா.
மேலே ஒரு பூஜ்யம் போட்டால் போதும்."
அடித்தாள்.

எர்மெலிந்தா. தொண்ணூற்றாறாவது படி.
தள்ளுவண்டியில் மூலிகைக் கஷாயம் விற்றவள்.
அவள் புருஷனுக்கு நான்கு நாள் தேவைப்பட்ட சிலிண்டர்
ஐந்தாம் நாள் எங்கள் வாசலில் நின்றது.
பச்சைப் பெயின்ட். முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே.
"இன்னும் இருக்கிறது, வீணாக்காதே" என்றாள்.
வேறு எதுவும் சொல்லவில்லை.
பதினொரு மணி நேரம் வந்தது சத்துர்னினாவுக்கு.
அதற்குள் ஆக்சிஜன் வரிசையில் என் முறையும் வந்துவிட்டது.

இதோ உள்ளே உருளைக்கிழங்கு சீவுகிறாள் சத்துர்னினா.
நேற்று நான் சீவிய தோலைத் தூக்கிக் காட்டி
இதிலேயே இன்னொரு குழம்பு வைக்கலாம் என்று திட்டுகிறாள்.
நடுவில் இரண்டு தரம் மூச்சு வாங்கிக்கொண்டு
விட்ட இடத்திலிருந்து திட்டுகிறாள்.
நிறுத்தாதே என்று வேண்டிக்கொள்கிறேன்.

எல்லாக் கடனுக்கும் நோட்டு இருக்கிறது.
வெங்காயம் ஒன்று. அரிசி அரைக் கிலோ. தீப்பெட்டி.
எர்மெலிந்தா பெயருக்கு நேரே
பேனாவை ஊன்றி வெகுநேரம் யோசித்ததில்
மை ஊறிப் பின்தாளிலும் ஒரு பொட்டு.
நன்றி என்று எழுதலாம்.
எழுதினால் கணக்கு முடிந்துவிடும் போலிருக்கிறது.

கழித்ததையும் மிச்சத்தையும் கூட்டினால்
பழைய ஆயிரம் திரும்பி வரவேண்டுமாம்.
வந்துவிட்டது நெய்தாவுக்கு.
"உனக்கு வந்ததா?"
இன்னும் கூட்டுகிறேன் என்றேன்.

கீழே ஹாரன். செவ்வாய்க்கிழமைத் தண்ணீர் லாரி.
முகக்கவசத்துக்குள்ளிருந்து கூவுகிறேன்,
என் பழைய குரல்,
"நாற்பது! அறுபத்தெட்டு! தொண்ணூற்றாறு!"
கதவுகள் திறக்கின்றன.

முதல் இரண்டு வாளியைத் தொண்ணூற்றாறில் இறக்கினேன்.
எர்மெலிந்தா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.
"அரை வாளியைப் படியிலேயே கொட்டிவிட்டாய்" என்றாள்.