பொத்தான்

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குப் பக்கம்
டயர்க் கிடங்கில் எங்கள் முதல் பங்க் கச்சேரி.
ஞாயிறு பள்ளியில் வாயே திறக்காத அக்கா கெசியா
டிரம்ஸைப் போட்டுச் சாத்தினாள்.
தம்பி யாபேஸ் இரண்டு நிமிடப் பாட்டில்
கர்த்தரோடு சண்டைக்குப் போனான்.
நான் பேஸ் கிதார். தப்பாகத்தான் வாசித்தேன்,
இரைச்சலில் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில் சொல்லவில்லை.
அப்பா கோயில்பிள்ளை, மணி அடிக்கிறவர்.
கிழிந்ததென்று அவர் ஒதுக்கிய
சிவப்பு வெல்வெட் காணிக்கைப் பையைத்தான்
கூட்டத்தில் சுற்ற விட்டோம்.

இரவு பாயில் கொட்டி எண்ணினால்
முந்நூற்றுப் பத்து ரூபாய்,
ஒரு மெட்ரோ டோக்கன்,
ஒரு வெள்ளைப் பொத்தான்.
எவன்டா இது, என்றான் யாபேஸ்.

காலை முதல் மணிக்கு
அப்பா கயிற்றை எட்டிப் பிடித்தார்.
சட்டையின் நடுவில்
ஊக்கு.

கெசியா என் விலாவில் இடித்தாள்.
அன்றைக்கு மணி
கொஞ்சம் வேகமாக அடித்த மாதிரி இருந்தது.
எனக்குக் காதடைப்பு இன்னும் விடவில்லை,
நிச்சயமாகச் சொல்ல முடியாது.