ஒரு பிடி குறைத்து

வங்காளத்தில் யாரோ எழுதிய நாவல்.
என்னிடம் தமிழில் இருந்தது,
வேலுண்ணியிடம் மலையாளத்தில்.
பெண் பார்க்க கோபாலபுரம் வந்தவர்
என்னைப் பார்க்கும் முன்பே
பின்னட்டைக் கண்ணாடிக்காரரைப் பார்த்துவிட்டார்.
"இவரா! எங்க வீட்டிலயும் உண்டு."

சேலைகளுக்கு நடுவில் ஒளிந்து
என் புத்தகமும் கொழிஞ்சாம்பாறை போனது.

முப்பத்தாறு வருஷம்.
என் எழுத்து அவருக்குத் தெரியாது,
அவர் எழுத்து எனக்கு ஜிலேபி.
மழை பிடித்தால் ஆளுக்கொரு மூலை.
எனக்கு 212-ஆம் பக்கத்தில் வருகிற வெள்ளம்
அவருக்கு 187-லேயே வந்துவிடும்.
"வேகம் வா" என்பார்,
அக்கரையில் நிற்பவர் மாதிரி.

கண்புரை எடுத்த வாரம்
நான்தான் சத்தமாக வாசித்தேன்:
மேஸ்திரி ஓடிப்போன இரவு
அவன் மனைவி விளக்கை அணைத்துவிட்டு அழுதாள்.
பச்சைத் துணிக்கட்டோடு எழுந்து உட்கார்ந்தார்.
"அவ எங்கே கரைஞ்சா?
நாளைக்கு அரிசி அளந்தா.
ஒரு பிடி குறைச்சு."

சண்டை.
பக்கத்து வீட்டு ஜெஸ்ஸி டீச்சர் வந்து
அவர் புத்தகத்தைப் படித்துக் காட்டினாள்.
அரிசிதான். விளக்கே இல்லை.

எந்த மொழிபெயர்ப்பாளர் விட்டார்,
எவர் சேர்த்தார்?
போய்க் கேட்க
எங்கள் இருவருக்கும் வங்காளி தெரியாது.
இத்தனை வருஷம் ஒரே வீட்டில்
வேறு வேறு பெண்ணுக்காக உருகியிருக்கிறோம்.

அவர் தூங்கிய பிறகு
என் புத்தகத்தின் ஓரத்தில்
பென்சிலால் அரிசியை எழுதினேன்.
அழுகையை அடிக்கவில்லை.
அவர் புத்தகத்தில் எழுத எனக்கு எழுத்து இல்லை.
அணைந்த விளக்கு ஒன்று வரைந்து வைத்தேன்.