இரண்டாம் கியர்

எங்கள் பக்கம் மேடு என்று ஒன்றில்லை.
சுன்னாகத்தில் ஏறினால் பருத்தித்துறை வரைக்கும்
வேகத்தடைகளும் சில மதகுகளும்தான்.
அந்தத் தட்டை நிலத்திலேயே ஓடிப் பழகிய,
மண்ணெண்ணெய் குடித்தும் சாகாத
என் ஒஸ்ரினை
ஏப்ரல் மாதத்து நுவரெலியாவுக்கு ஏற்றினேன்.

றம்பொடையில் மூன்று தரம்
ரேடியேற்றர் சீறியது.
அருவியில் கான் பிடித்து வார்த்துக்கொண்டு நிற்க,
வானில் வந்த சிங்களக் குடும்பமொன்று
அவளோடு நின்று படமெடுத்தது.
எனக்கு ஒரு கொக்கிஸ் தந்துவிட்டுப் போனது.

வாவிக்கரையில் இரவு எட்டு மணி.
பல் வைத்தியரிடம் வந்தவர்கள்போல்
வாயைத் திறந்தபடி வரிசையாய்க் கார்கள்.
கொரோலா, லான்சர், துருவேறிய ஒரு சன்னி,
தன் உயரத்தை மிஞ்சிய இறக்கையோடு
சின்ன ஓல்ட்டோ.
எல்லா வயிற்றுக்குள்ளும் கைவிளக்கு.

நாங்கள் துடைக்கிற சாதி.
குரோமிய விளிம்பில் மீசை தெரியவேணும் எங்களுக்கு.
இவர்கள் கழற்றுகிறார்கள்.
பின் இருக்கை இல்லை, கதவுக்குத் தோல் இல்லை,
ரேடியோ இருந்த இடத்தில்
நாலு வயர் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.
"பாரம்ண்ணே" என்றாள் ஜெசிந்தா.
"பத்துக் கிலோ கொறைஞ்சா அரை செக்கன்."
லபுக்கலைக்காரி.
கிழமை நாட்களில் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு,
ஞாயிறுகளில் மலையேற்றப் பந்தயம்.
அவளுடைய கொரோலாவில் அம்மா பூசைக்குப் போவது
கவிழ்த்து வைத்த கரட் பெட்டியின் மேல்.

நான் ரயர் என்றேன், அவள் டயர் என்றாள்.
தேய்ந்திருந்தது என்னவோ
இரண்டு பேருக்கும் உட்பக்கம்தான்.

ஹொட்டேல் ஒன்று தன் கண்ணாடிகளோடு சேர்ந்து
ஆடிக்கொண்டிருந்தது.
வாசலில் இறங்கியவர்களுக்குக் கொழும்பின் உடுப்பு,
நுவரெலியாவின் நடுக்கம்.
அவர்களுடைய வெள்ளை பி.எம்.டபிள்யூவை
இங்கே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
கம்பளி கொண்டுவராத நான்
மாற்றுச் சாரத்தைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு
அவித்த சோளத்தைத் தின்னாமல்
கைமாற்றிக் கைமாற்றிக் குளிர் காய்ந்தேன்.

பொலிஸ்காரர் ஒருவர் குனிந்து
சன்னியின் சைலன்சருக்குள் விரலை விட்டார்.
விரல் கறுத்தது. தண்டம் எழுதினார்.
புத்தகத்தை மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தி,
கபுரேற்றர் எங்கே வாங்கியது என்று கேட்டார்.

பத்தரைக்குப் பனி இறங்கியது.
முதலில் வாவி போயிற்று,
அடுத்து ஹொட்டேலின் வெளிச்சம்,
பிறகு என் சோளத்தின் மறுமுனை.
கார்கள் வெறும் சத்தமாய் மிஞ்சின.
"இப்பப் போறது என்னது, சொல்லுங்க பாப்போம்?"
இர்பான் பந்தயம் கட்டினான்.
ஒன்பதில் ஏழு சரியாய்ச் சொன்னேன்.
லான்சரைத் தவறவிட்டதற்கு
இன்னும் எனக்கு வெட்கம்.

பன்னிரண்டுக்கு வெளிக்கிட்டால்
ஒஸ்ரின் அசைய மாட்டேன் என்றது.
சோக்கை இழுத்தேன், கும்பிட்டேன், திட்டினேன்.
விறைத்த பற்றரி ஒருமுறை விக்கிவிட்டு அடங்கியது.
ஊரில் என்றால் தள்ள ஆறு பேர் வேணும்,
பிறகு அந்த ஆறு பேருக்கும் சோடா.
இங்கேயும் ஆறு பேரைத்தான் தேடினேன்.

ஜெசிந்தா சிரித்தாள்.
நான் ரயருக்கு அண்டை கொடுத்திருந்த கல்லைக்
காலால் எத்தினாள்.
"ரெண்டாவதுல போடுங்க.
கிளச்ச மிதிச்சிட்டு சும்மா உக்காருங்க.
மலை தள்ளும்."

சத்தமே இல்லாமல் உருண்டோம்.
முன்லைட்டுக்கு எதிரே
பால் காய்ச்சுகிற சட்டிபோல் பனி.
அறுபது யாரா, நூறா, தெரியாது.
என் ஆயுளில் நான் ஓட்டிய கார்களிலேயே
இத்தனை அமைதியாய் ஒன்று ஓடியதில்லை.
"விடுங்க!"
விட்டேன்.
உலுக்கி, இருமி,
ஒரு தரம் பின்னால் வெடித்து,
பிடித்துக்கொண்டது.

மேலே, ஒன்றும் தெரியாத வெள்ளைக்குள்,
புதிதாய் வந்த யாரையோ
இர்பான் கேட்பது கேட்டது:
"இப்பப் போறது என்னது,
சொல்லுங்க பாப்போம்?"