பதினான்கு நிமிடம்

விஸ் தீவுக்குத் தெற்கே ஐம்பத்தெட்டு மீட்டரில்
ஒரு நீராவிக் கப்பல் ஒருக்களித்துக் கிடக்கிறது.
அதன் கொதிகலனை அளந்துவிட்டு
ஒரே கயிற்றைப் பிடித்து ஏறுகிறார்கள்
ஸ்ரிங்காவும் லோவ்ரேயும்.
முதுகில் ஒரே ஹீலியக் கலவை,
கீழே கழித்ததும் அதே இருபத்திரண்டு நிமிடம்.

மணிக்கட்டுகள்தான் ஒத்துப்போகவில்லை.

இருபத்து நான்கிலேயே நில் என்றது அவனுடையது.
பதினைந்து வரும்வரை அவளுடையது வாயே திறக்கவில்லை.
ஒரே வானத்தைப் பார்த்து
வாக்கியம் ஒரு நாழிகையும்
திருக்கணிதம் வேறொரு நாழிகையும் சொல்வதுபோல.

இரண்டுக்கும் தெரிந்தது அழுத்தமும் நேரமும் மட்டுமே.
ரத்தத்தை எட்டிப் பார்த்ததில்லை.
நேற்றிரவு அவள் தூங்காததோ
அவன் முழங்காலில் இருக்கும் பழைய தையலோ
எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.
பதினாறு அறைகள் உள்ள ஓர் உடம்பை
அவை தாமாகக் கட்டிக்கொள்கின்றன;
சில அறைகள் சட்டென நிரம்பிச் சட்டெனக் காலியாகும்,
சிலவற்றில் வாயு
கடன் கொடுத்தவன்போல் வந்து உட்கார்ந்தால்
பொழுது சாய்ந்தும் எழுந்திருக்காது.

குமிழி பிறக்கும் இடத்திலேயே அமுக்கிவிடு, இது அவனுடையது.
அங்கே தங்கினால் மெதுவான அறைகள்
இன்னும் குடிக்குமே, இது அவளுடையது.
இரண்டிலும் நியாயம் இருக்கிறது.
இருந்தென்ன, குளிர்கிறது.

ஆறு மீட்டர்.
கயிறு அலைக்கு அலை தூக்கித் தூக்கிப் போடுகிறது.
தலைக்கு மேல் படகின் வயிறு, நொறுங்கிய வெயில்.
அவள் திரையில் பச்சை: போகலாம்.
அவன் திரையில் பதினான்கு.

அவள் பல் மருத்துவர்.
மேல் பல்லைத் தொட்டுக் காட்டிக்கொண்டு
கீழ்ப் பல்லுக்காக அழுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள்.
பலகையில் எழுதினாள்: எது பொய்?
அவன் பென்சிலை வாங்கி எழுதினான்:
இரண்டும்.

நீளமான கணக்கோடுதான் இருவரும் என்பது
கரையிலேயே பேசி வைத்தது.
இருந்தாள்.
ஒரு சொறிமுட்டை கடந்துபோனது, பிறகு இன்னொன்று,
அல்லது அதே ஒன்று திரும்பி வந்தது.

மூன்று நிமிடம் பாக்கி இருந்தபோது
அவன் கை திரும்பியது.
திரையின் மூலையில் சின்ன எழுத்தில் முப்பது, எழுபது.
அவளுடையதில் ஐம்பது, எண்பத்தைந்து.
பெட்டியைப் பிரித்தபோது இருந்த எண் அல்ல அது,
அவனே உள்ளே போய் மாற்றியது.
எப்போது என்று அவளுக்கு உடனே தெரிந்தது.

மூன்று வருடம் முன்பு, ஸ்ப்ளிட் நகரில்,
அழுத்த அறையின் வட்டச் சன்னலுக்குள்
த்வர்ட்கோவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.
வெளியே நடைவழியில் ஐந்து மணி நேரம்
ஈரச் செருப்போடு உட்கார்ந்திருந்தான் லோவ்ரே.
யாரோ கொடுத்த காப்பி கையிலேயே ஆறிப்போனது.

ஆக, பதினான்கில் எத்தனை இயந்திரத்துடையது,
எத்தனை அந்த நடைவழியுடையது
என்று பிரிக்க ஒரு திரையும் இல்லை.
பச்சையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு
அவனுடையதையே பார்த்திருந்தாள்:
மூன்று.
இரண்டு.
இரண்டு.
ஒன்று.

படகில் ஷ்பீரோ ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்,
ஸாக்ரெபுக்கு எப்போது விமானம் ஏறலாம்?
நாளைக் காலை என்றது ஒரு மணிக்கட்டு.
நாளை மத்தியானம் என்றது மற்றது.
சனிக்கிழமை, என்றார் ஷ்பீரோ,
நண்டுக் கால் ஒன்றைக் கடித்தபடி.

இடது தோளில் ஏதோ அரித்தது அவளுக்கு.
உடையின் பட்டை அழுத்திய இடமாக இருக்கும்.
சொல்லலாமா வேண்டாமா என்று
கடலைப் பார்த்தாள், கைவிரலை மடக்கி நீட்டினாள்.
இரண்டு திரைகளும் அமைதியாக
வேறு யாருடைய உடம்பையோ எண்ணிக்கொண்டிருந்தன.

லோவ்ரே ஆக்சிஜன் பெட்டியை
ஏற்கெனவே திறந்திருந்தான்.