வாடகை பாக்கி

காலையில் கழனிவாசல் பக்கம் ஊர்வலம்,
மாலையில் செக்காலை ரோட்டில் எதிர் ஊர்வலம்.
இரண்டுக்கும் மைக் செட் என்னுடையது.

‘ஒழிக’ ஆன பெயரே
‘வாழ்க’ ஆயிற்று, அதே குழாயில்.
எச்சில் ஈரம்கூடக் காயவில்லை.

ஐந்து விளக்கில் தடியடி.
ஆம்ப்ளிஃபயரைக் கைப்பிள்ளை மாதிரி
நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
ஓடிவந்தான் அடைக்கலம்.
நெற்றியில் நாலு தையல்.
எந்தக் கட்சி என்று கேட்டாராம்
ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதியவர்.
‘சவுண்டு சர்வீஸ்’ என்றானாம்.

ராத்திரி ஆட்சி கவிழ்ந்தது.
வெடி போடக்கூட ஆளில்லை,
நூற்று நாற்பத்து நாலு.
வாடகை தரவேண்டிய ரெண்டு பேருமே தலைமறைவு.

விடியுமுன்
அறுந்த ஒயரை ஒட்டவைத்து,
கடைக்குள் இருந்தபடியே
சும்மா தட்டிப் பார்த்தேன்.
ஹலோ, ஹலோ,
ஒண்ணு, ரெண்டு, மூ...

எதிர்வீட்டில்
அவசரமாய்ச் சாத்திக்கொண்டது
ஒரு சன்னல்.